'ஒரே சிட்டிங், குடி போச்சு!' ஹிப்னாட்டிச போர்டை நம்பி பணம் கட்டலாமா?

"ஒரே சிட்டிங்ல குடியை மறக்க வைக்கிறோம்", "புள்ளைக்கு படிப்பு ஏறலையா? வாங்க!" - சுவர் போஸ்டரிலும் செல்போன் வீடியோவிலும் ஹிப்னாட்டிச விளம்பரங்கள் தூள் பறத்துகின்றன. புருஷன் திருந்தினால் போதும் என்று கம்மலை அடகு வைத்தாவது பணம் கட்டத் தயாராக இருக்கும் பெண்களைக் குறிவைத்துத்தான் இந்த வலை.

ஹிப்னாட்டிசமே டுபாக்கூர் என்று தள்ளிவிட முடியாது. மயக்க மருந்து வராத காலத்தில், 1845-ல், வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 'மெஸ்மரிசம்' செய்தே ஆபரேஷன் பண்ணியிருக்கிறார். இன்றும் பயம், வலி, சிலவகை குடல் கோளாறுகளுக்கு மற்ற சிகிச்சையோடு சேர்த்து இது உதவுகிறது.

சிக்கல், செய்கிற ஆளிடம்தான். மத்திய சுகாதாரத்துறை 2003 நவம்பரில் போட்ட உத்தரவு இதைத் தனி மருத்துவமாக ஏற்கவில்லை. பதிவு பெற்ற மருத்துவர்களோ, முறையான பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்றது. எது முறையான பயிற்சி என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு கணக்கு! பத்து நாள் கிளாஸ் போனவரும் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்கிறார். அதே உத்தரவுப்படி அது கூடாது.

அதனால் போர்டைப் பார்க்காமல் நம்பரைக் கேட்க வேண்டும். மனநல டாக்டர் என்றால் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண். இந்தப் பதிவு இல்லாமல் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகத் தொழில் செய்தால் 1992-ம் ஆண்டு சட்டப்படி ஓராண்டு வரை ஜெயில் உண்டு. நம்பர் கேட்டதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக் கொள்பவரிடம் என்ன பேச்சு?

குடி விஷயத்தில் ஆபத்து இன்னும் பெரிது. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், புத்தி தடுமாறும். உயிரே கூடப் போகலாம். அதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். நாற்காலியில் சாய வைத்து "இனிமே தொடாதே" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறவர், நடுராத்திரி வலிப்பு வந்தால் போனை எடுப்பாரா?

வலிப்பு மாத்திரை, மனநோய் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடலாம். பத்து சிட்டிங் பணத்தை முன்கூட்டியே கேட்டாலும் அப்படித்தான். பெண்கள் துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதை ஒழுங்கான ஆள் எவரும் தடுக்க மாட்டார். 'போன ஜென்மம்' பார்ப்பதாகச் சொன்னால் அது வெறும் கதை. அரை மயக்கத்தில் கற்பனையும் நிஜம் மாதிரிதான் வரும்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவைக் கேட்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு போன் போட்டால், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.