ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வது சார்ஜ் அல்ல, சடங்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வாசலில் கவர் போட்டு மூடிய கார் ஒன்று உங்கள் வீட்டில் நின்றால் முழுக்கப் படியுங்கள். இல்லாதவர்கள் கடந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நேற்று எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்தச் செய்தி வந்தது. "காரை அதிகம் எடுக்காதவர்கள் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும், பேட்டரி இறங்காது." கீழே வரிசையாகக் கும்பிடு. கும்பிட்டவர்களில் மூன்று பேர் அறிவியல் ஆசிரியர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வைத்தியத்தை நானும் இரண்டு வருஷம் செய்தவன்தான். ஞாயிறு காலை காபி குடித்துவிட்டு காரை ஸ்டார்ட் செய்வேன். அங்கேயே நிற்கவிட்டு, இரண்டு தடவை ஆக்சிலரேட்டரை மிதித்து உறும வைத்துவிட்டு, அணைத்து மூடிவிடுவேன். கடமை முடிந்தது என்று நினைப்பு.

போன ஐப்பசியில் ஒருநாள் இரவு ஒன்றரை மணி. வெளியே நல்ல மழை. என் மனைவி எழுந்து உட்கார்ந்து நெஞ்சை அடைக்கிறது என்றாள். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் எடுக்கவில்லை. மறுபடி திருப்பினேன், டாஷ்போர்டு விளக்கும் மங்கிப் போயிற்று. எதிர்வீட்டுத் தம்பியை எழுப்பித் தள்ளச் சொன்னேன். தண்ணீர் தேங்கிய தெருவில் தள்ளி என்ன ஆகும்? அதற்குப் பிறகுதான் 108-க்குப் போன் செய்யவே தோன்றியது. அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது, பிழைத்துக்கொண்டாள். இப்போது அடுக்களையிலிருந்து "யாரைத் திட்டி எழுதுறீங்க?" என்று கேட்கிறாள். என்னைத்தான். கார் என்ற ஒன்று இல்லாதிருந்தால் முதல் நிமிடமே 108-ஐ அழைத்திருப்பேன். அவசரத்துக்கு என்று வைத்துக்கொண்டு, அவசரத்தில் ஓடாத கார், கார் இல்லாததைவிட மோசம்.

முப்பது வருஷம் காரீய அமிலச் சேமக்கலத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். என் வீட்டுக் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது போடுவோம்.

சிறிய காரில் இருப்பது சுமார் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. கார் தூங்கினாலும் அதற்குள் சில சாதனங்கள் தூங்குவதில்லை. சென்ட்ரல் லாக், அலாரம், கடிகாரம், எஞ்சினின் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். பெருக்கினால் 5 ஆம்பியர்-மணி செலவு.

இனி வரவு. நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரும் மெதுவாகத்தான் சுற்றும். பேட்டரிக்குள் 10 ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் என்பது ஒரு மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கிடைப்பது 0.83 ஆம்பியர்-மணி. செலவு 5, வரவு ஒன்றுகூட இல்லை. வாரம் நாலு போனால் ஆறு வாரத்தில் 25 போய்விடும். நான் அந்த ஐப்பசியில் சரியாக ஆறு வாரம் காரை வெளியே எடுக்கவில்லை.

அதோடு முடியவில்லை. பேட்டரி குறைந்த சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் காரீய சல்பேட் கெட்டியாகப் படியும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. எஞ்சினும் சரியாகச் சூடாவதில்லை. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி சைலன்ஸருக்குள்ளும் எஞ்சின் ஆயிலிலும் தங்கிவிடும். பேட்டரியைக் காப்பாற்றுகிறோம் என்று சைலன்ஸருக்குத் துரு பிடிக்க வைக்கிறோம்.

"இருபத்தஞ்சு வருஷமா இப்படித்தான் செய்யறோம், ஒண்ணும் ஆகல" என்று சிலர் சொல்வார்கள். ஐயா, உங்கள் அன்றைய அம்பாசிடரில் கம்ப்யூட்டரும் கிடையாது, சென்ட்ரல் லாக்கும் கிடையாது. நிற்கும்போது குடிக்க ஆளே இல்லை. அப்படியும் படுத்துவிட்டால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம். இன்றைய ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளிக்கூட ஸ்டார்ட் செய்ய முடியாது.

"சும்மா ஓட்டினால் பெட்ரோல் வீண்" என்கிறார்கள் இன்னும் சிலர். நின்ற இடத்தில் உறும விடுவதற்குத் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? அந்தப் பெட்ரோல்தான் உண்மையில் வீண்.

சரி, என்ன செய்வது?

ஒன்று, ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை, குறைந்தது அரை மணி, முடிந்தால் முக்கால் மணி. தெருவைச் சுற்றாமல் பைபாஸ் பக்கம் போங்கள். பகலில், ஏசி போடாமல் போனால் இன்னும் நல்லது. கோயிலுக்குப் போங்கள், பழைய நண்பரைப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்களுக்கும் சார்ஜ் ஏறும்.

இரண்டு, ஓட்ட முடியாதவர்கள் தானாகவே குறைத்துக்கொள்ளும் பேட்டரி சார்ஜர் ஒன்று வாங்கி வையுங்கள். நிறைந்ததும் அதுவே அடங்கிவிடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் விளக்கோ பீடியோ கூடாது.

மூன்று, மாதக்கணக்கில் வெளிநாட்டுப் பிள்ளையிடம் போகிறவர்கள் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள். பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பிறகு ரிமோட் வேலை செய்யாது, சாவி கையில் இருக்கட்டும். உங்கள் காரில் ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு, அளந்து பாருங்கள். ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் கவனம். 12.2 என்றால் பாதி காலி. 12-க்கு வந்துவிட்டால் இரவில் நம்பாதீர்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வயசானவர் வந்து நின்றால், அளந்துகூடப் பார்க்காமல் "பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்பது நியாயமா? இறங்கிய பேட்டரி எல்லாமே செத்த பேட்டரி அல்ல. ஒருநாள் வைத்து ஸ்லோ சார்ஜ் போட்டு, பிறகு டெஸ்ட் செய்து சொல்லுங்கள். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியரில் ஏற்றினால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அவ்வளவுதானே?

கடைசியாக, சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் என் மாணவர்களுக்கு. அப்பா அம்மாவுக்கு ஆசையாகக் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். சந்தோஷம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது சீட் கவர் வேண்டாம், ஒரு சார்ஜர் வாங்கி வாருங்கள். மாட்டவும் கழற்றவும் அப்பாவுக்கு ஒருமுறை பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: நெஞ்சுவலி என்றால் கார் நன்றாக ஓடினாலும் முதலில் 108. எனக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது.

எல்லோருக்கும் வீட்டுப்பாடம்: நாளைக் காலை உங்கள் பேட்டரி எத்தனை வோல்ட் என்று அளந்து கீழே எழுதுங்கள். என்னுடையது இன்று 12.6. அந்தக் கும்பிடு போட்ட மூன்று பேரும் முதலில் எழுதவும்.