பூட்டைச் சோதிக்க இருவர் வேண்டும்

"ஹாஸ்கெல் நிரல் கம்பைலரைக் கடந்துவிட்டால் போதும், சோதனை எதற்கு?" என்கிறார்கள் நண்பர்கள் சிலர். கணக்குக்கு அது ஓரளவு பொருந்தலாம். கோப்புக்குப் பொருந்தாது என்பேன்.

கோப்பைப் பலர் ஒருங்கே படிக்கலாம். எழுதுவோன் ஒருவனே, அவன் எழுதுங்கால் பிறர் தொடலாகாது. ஹாஸ்கெல் 2010 அறிக்கை வகுத்த நெறி இது. 'ரீட்ஃபைல்' கொண்டு படித்ததைத் திருத்தி, அதே கோப்பில் 'ரைட்ஃபைல்' கொண்டு எழுதிப் பாருங்கள். 'கோப்பு பூட்டப்பட்டுள்ளது' என்று நிரல் நின்றுவிடும். காரணம் அம்மொழியின் சோம்பல்! தேவை வரும்வரை படிக்காது. படித்து முடிக்கும்வரை கோப்பை மூடாது. இதை வகைகள் காட்டிக் கொடுப்பதில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆயினும் இப்பூட்டை நம்பி உறங்கலாகாது. லினக்ஸில் ஜி.எச்.சி. கம்பைலர் அதனை ஒரே புராசஸுக்குள்தான் காக்கிறது. வேறொரு புராசஸ் தடையின்றி எழுதிவிடும். நம் சங்கத்துச் சந்தாக் கணக்கை இருவர் ஒரே நொடியில் எழுதினால், ஒருவர் எழுதியது அழியும். ஒரே புராசஸுக்குள் சோதித்துப் "பூட்டு உறுதி" என்று முழங்குவது, வீட்டுக்குள் இருந்தபடியே வாயிற்பூட்டைச் சோதிப்பது அன்றோ?

இதற்கென 'எச்லாக்' உண்டு. அதுவும் லினக்ஸில், பூட்டைக் கேட்டு வருவோரையே தடுக்கும்; கேளாது நுழைவோரைத் தடுக்காது. எனவே இரு புராசஸ்களை ஓட்டுங்கள். ஒன்று பூட்டியிருக்க மற்றது மறுக்கப்படுகிறதா? பூட்டியது நடுவில் மடிந்தால் பூட்டு விடுபடுகிறதா? இவ்விரண்டையும் கண்ட பிறகே நம்புங்கள். வகைகள் நல்ல காவலர்தாம். ஆனால் அவர்தம் காவல் நிரலின் எல்லையோடு முடிகிறது.