அசல் அழியலாகாது!

பழைய கார் ஒன்றை ஆசையோடு வைத்திருப்பவர் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த அதே தோற்றத்துடனும் அதே இன்ஜினுடனும் அதைக் காப்பாற்றலாம். அல்லது இன்ஜின், பிரேக், கியர், இருக்கை என்று ஒவ்வொன்றாக மாற்றி, காலத்துக்கேற்பப் புதுக்கிக் கொள்ளலாம். இது உரிமையாளரின் ரசனையையும் வசதியையும் பொறுத்த விஷயம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், சட்டத்தின் பார்வையில் அப்படியல்ல. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதைச் சட்டம் சொல்கிறது. வருத்தம் என்னவென்றால், அது ஒரே குரலில் சொல்லவில்லை.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் செய்து, பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதன்முதலில் பதிவு செய்யப்பட்டு 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இந்தத் தகுதி உண்டு. 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண், ரூ. 20,000 கட்டணம், 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் ஆகியவை அதன் அம்சங்கள். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே இவற்றைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதி கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், மேற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்யப்பட்டிருந்தால் இந்தத் தகுதி இல்லை.

நல்ல விதிதான். ஆனால், 50 ஆண்டுகள் வரை அந்த வாகனம் அசல் வடிவில் பிழைத்திருப்பது எப்படி என்பதுதான் கேள்வி. தில்லியில் 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் ஓடக்கூடாது என்று 2014-இலும், 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தலைநகர வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015-இலும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் இத்தகைய வாகனங்களின் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்று கூறிய அதே நீதிமன்றம், அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 தரத்துக்குக் கீழான வாகனங்களுக்குப் பொருந்தாது என்று டிசம்பரில் திருத்தியது. பழைய அம்பாசிடர்களும் பிரீமியர் பத்மினிகளும் முதல் தலைமுறை மாருதி 800 கார்களும் பி.எஸ். தரம் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் பிறந்தவை.

ஆக, 15 வயதில் சாலையை விட்டு விலக வேண்டிய பெட்ரோல் கார், 50 வயதில்தான் பாரம்பரியச் சொத்தாகிறது. இடைப்பட்ட 35 ஆண்டுகள் அதற்குப் பெயரும் இல்லை, இடமும் இல்லை. 1984-இல் பதிவான ஒரு மாருதி 800, இந்த விதியின்படி 2034-இல்தான் பழம்பெரும் வாகனமாகும். அதுவரை அது வெளிமாநிலத்துக்கு விற்கப்படாமலும், மாயாபுரியின் காயலான் கடைகளுக்குப் போகாமலும் இருந்தால்தானே?

மூன்றாவதாக ஒரு வழியும் காட்டப்படுகிறது. பழைய டீசல் கார்களின் இன்ஜினை அகற்றிவிட்டு மின் மோட்டாரையும் பேட்டரியையும் பொருத்திக்கொள்ள 2021 நவம்பரில் தில்லி அரசு வழிவகுத்தது. உரிய அனுமதியுடன் எரிபொருள் முறையை மாற்றிக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவிலும் இடமுண்டு. சுற்றுச்சூழல் நோக்கில் இதைக் குறைகூற முடியாது. ஆனால், இன்ஜினை மாற்றியவர் 50-ஆவது ஆண்டில் பழம்பெரும் வாகனத் தகுதியை இழந்துவிடுகிறார். ஒரு கை திறந்துவிடும் கதவை மறு கை சாத்துகிறது.

மற்ற மாற்றங்களைப் பொறுத்தவரை சட்டம் கண்டிப்பானது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. அகலமான சக்கரங்களும் காதைப் பிளக்கும் சைலன்சரும் பொருத்தி இரவுநேரச் சாலைகளில் பறப்பவர்களுக்கு இது தேவையான கடிவாளம். ஆனால், தாத்தாவின் பியட் காருக்குப் பாதுகாப்பான பிரேக் பொருத்த விரும்பும் பேரனும் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டுவிடக் கூடாது.

அசல் வடிவத்துக்கு அப்படி என்ன மதிப்பு என்று கேட்கலாம். தில்லியில் லால் பகதூர் சாஸ்திரி நினைவகத்தில் ஒரு பியட் கார் நிற்கிறது. பிரதமராக இருந்தபோது, ரூ. 12,000 விலையுள்ள அந்தக் காரை வாங்கக் கையிலிருந்த பணம் போதாமல், பஞ்சாப் நேஷனல் வங்கியில் ரூ. 5,000 கடன் வாங்கினார் சாஸ்திரி. அவரது மறைவுக்குப் பிறகு அந்தக் கடனை அடைத்தவர் அவருடைய மனைவி லலிதா சாஸ்திரி. அந்தக் காருக்குள் குளிர்சாதன வசதியும் புதிய இன்ஜினும் பொருத்தப்பட்டிருந்தால், ஒரு பிரதமரின் எளிமைக்குச் சாட்சியாக நிற்கும் தகுதி அதற்கு இருந்திருக்குமா?

1983 டிசம்பர் 14-ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி, தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் முதல் மாருதி 800 காரின் சாவியைக் கொடுத்தார். 2010-இல் அவர் மறைந்த பிறகு அந்தக் கார் தெருவோரம் துருப்பிடித்து நின்றது. பின்னர் அசல் வடிவில் சீரமைக்கப்பட்டு, நிறுவனத்தின் தலைமையகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நடுத்தரக் குடும்பங்களைக் காரில் ஏற்றிய ஒரு காலகட்டத்தின் முதல் அடையாளம், காயலான் கடைக்குப் போகாமல் மயிரிழையில் தப்பியது என்றே சொல்ல வேண்டும்.

மாற்றம் வேண்டும் என்பவர்களின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1960-களின் அம்பாசிடரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். சீட் பெல்ட் கிடையாது. அந்த நாளைய சாலைகளுக்கு அது போதும். இன்றைய விரைவுச் சாலையில், முன்னால் செல்லும் வாகனம் திடீரென நின்றால் போதாது. உதிரி பாகங்களின் பாடு இன்னும் மோசம். சென்னையில் ஹெரால்டு கார்களைத் தயாரித்த ஸ்டாண்டர்டு நிறுவனமும், பத்மினியைத் தயாரித்த பிரீமியரும் கார் உற்பத்தியை எப்போதோ நிறுத்திவிட்டன. 2014-இல் அம்பாசிடரும் நின்றுபோனது. காஷ்மீரி கேட் சந்தையில் நாள்கணக்கில் அலைந்தும் அசல் பாகம் கிடைக்காதவர், கிடைத்ததைப் பொருத்திக்கொள்வதில் வியப்பில்லை.

எது அசல் என்பதிலும் குழப்பம் உண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990-களில் அம்பாசிடருக்கு இசுசூ இன்ஜினைக் கொடுத்தது. அதையே 1960-களின் அம்பாசிடரில் பொருத்தினால் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டுவதற்கு அது சுகமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தக் குறிப்பிட்ட கார் பிறந்தபோது எப்படி இருந்ததோ அதுவே அதன் அசல். பின்னாளில் அதன் தம்பிக்குக் கிடைத்தது அண்ணனின் பிறப்புச் சான்றாகாது.

எனவே, முடிவெடுக்கும் முன் உரிமையாளர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: செய்யப்போகும் மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட முடியுமா? சீட் பெல்ட், ரேடியல் டயர், டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர், உடலை வெட்டாமல் பொருத்தக்கூடிய டிஸ்க் பிரேக் ஆகியவற்றை நாளையே கழற்றிவிடலாம். கழற்றிய பாகங்களைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துவதும், செய்த வேலையைப் படத்துடன் எழுதிவைப்பதும் அவசியம். தரையை அறுத்து கியர் லீவர் வைப்பதும், சேசிஸை வெட்டுவதும், பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணைத் தாங்கிய இன்ஜினை எடைக்குப் போடுவதும் அப்படிப்பட்டவை அல்ல. அதேநேரம், இன்ஜினும் பாகங்களும் ஏற்கெனவே தொலைந்து, வெறும் கூடாக நிற்கும் காரை உரிய அனுமதியுடன் மாற்றியமைத்து ஓட வைப்பதில் இழப்பு ஏதுமில்லை.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டிருக்கின்றன. ஜெர்மனியில் 30 ஆண்டுகளைக் கடந்து, அசல் நிலையில் நன்கு பராமரிக்கப்படும் வாகனத்துக்குத் தனிப் பதிவெண் தரப்படுகிறது; மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்களிலும் அதற்கு விலக்கு உண்டு. பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு வரிவிலக்கு இருக்கிறது. சர்வதேசப் பழம்பெரும் வாகனக் கூட்டமைப்பின் வரையறையும் 30 ஆண்டுகள்தான். இந்தியாவில் மட்டும் 50 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இல்லை.

தில்லியின் காற்று மாசு உயிர்களைக் குடிக்கும் பிரச்னை. அதில் சமரசத்துக்கு இடமில்லை. ஆனால், தினமும் ஓடும் பழைய டீசல் வாகனத்தையும், ஆண்டில் சில நாள்கள் மட்டுமே வெளியே வரும் 35 வயது காரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது. 30 ஆண்டுகளைக் கடந்த, அசல் நிலையில் உள்ள கார்களுக்கு இடைநிலைத் தகுதி ஒன்றை மத்திய அரசு உருவாக்கலாம். 2021 விதியில் உள்ள ஓட்டக் கட்டுப்பாடுகளையே அவற்றுக்கும் விதிக்கலாம். திரும்ப எடுத்துவிடக்கூடிய பாதுகாப்பு மாற்றங்கள் எவை என்று பட்டியலிட்டு, அவற்றால் அசல் தகுதி பறிபோகாது என்று தெளிவுபடுத்தலாம். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. விதிகளில் ஒரு திருத்தம் போதும்.

உலோகமும் ரப்பரும் சேர்ந்த வெறும் வாகனம்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டால், சுதந்திர இந்தியாவின் தொழில் வரலாற்றைப் படங்களில் மட்டுமே பார்க்க வேண்டிய நிலை வந்துவிடும். மாற்றியதை என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். அழிந்துபோன அசலை மீட்க எந்தப் பட்டறையாலும் முடியாது!