சாக்கு போர்த்திய தோட்டம்

சிகாகோ நகரைச் சுற்றியுள்ள புறநகர்களில் ஜனவரி மாதத்தில் ஒரு தெருவழியே நடந்து பாருங்கள். பல வீடுகளில் வாசற்படியின் இருபுறமும் இரண்டு சாக்கு மூட்டைகள் நிற்கும். உள்ளே இருப்பது அரிசியுமல்ல, பருத்தியுமல்ல; ஊசியிலை மரம். மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும் காலத்தில் கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை வேண்டும் என்பதற்காகவே காசு கொடுத்து வாங்கி நட்ட அலங்கார மரம். அதைச் சரியாக அந்தக் காலம் முழுவதும் மூட்டை கட்டி வைக்கிறார்கள்! கல்யாணத்துக்கென்று பட்டுப்புடவை எடுத்துக் கல்யாணத்தன்று அதைப் பெட்டியில் பூட்டி வைக்கிற கதைதான்.

கேட்டால், "குளிர் தாங்காது" என்பார்கள். இந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

அங்கே குடியிருக்கும் என் தம்பியும் ஒரு ஏப்ரல் மாதம் தொலைபேசியில் இதையேதான் சொன்னான்: "அண்ணா, வாசலில் வைத்த இரண்டும் கருகிப் போச்சு. குளிர் கொன்னுடுத்து." எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று கேட்டேன். தெற்கும் மேற்கும் என்றான். வடக்குப் பக்கம்? அது பச்சையாகத்தான் இருக்கிறதாம். குளிர் என்ன, திசை பார்த்தா கடிக்கும்?

அந்த மரத்தின் பூர்விகத்தைக் கொஞ்சம் பாருங்கள். குட்டை ஆல்பர்ட்டா ஸ்ப்ரூஸ் என்று அதற்குப் பெயர். 1904-ஆம் ஆண்டில் ஆர்னால்ட் மரத்தோட்டத்தைச் சேர்ந்த ரேடர், ஜாக் என்ற இரு தாவர நிபுணர்கள் கனடாவின் ராக்கி மலையில் லாகன் என்னும் இடத்தில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது பொழுது போகாமல் உலாவிக் கண்டெடுத்த செடி அது. வருஷத்துக்கு இரண்டு அங்குலம், மிஞ்சினால் நான்கு அங்குலம் வளரும். அதன் தாய் இனமான வெள்ளை ஸ்ப்ரூஸோ வட கனடாவில் மரங்கள் முடிந்து வெறும் பனிவெளி தொடங்குகிற எல்லைவரை போய் நிற்பது. அந்த வம்சத்துப் பிள்ளை சிகாகோக் குளிருக்குச் செத்தது என்றால், மீன் தண்ணீரில் மூழ்கிச் செத்தது என்றும் நம்பலாம்.

செத்தது தாகத்தால். ஊசியிலை மரம் குளிர்காலத்திலும் இலையை உதிர்ப்பதில்லை. ஆகவே மூச்சு விடுகிறது, ஈரத்தை இழக்கிறது. வெயில் பட்டால், காற்று வீசினால், இன்னும் அதிகமாக இழக்கிறது. இழந்ததை வேர் ஈடு செய்ய வேண்டும். மண்ணோ உறைந்து கல்லாகக் கிடக்கிறது. அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட உறிஞ்ச முடியாது. வரவு இல்லாமல் செலவு மட்டும் நடக்கிற குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? இதில் கொடுமை என்னவென்றால், இழப்பு நடந்தபோது மரம் பச்சையாகவே நிற்கும். நிறம் மாறுவது குளிர் போகிற சமயத்தில்தான். அதனால் காற்று தப்பித்துக்கொள்கிறது, பழி குளிர்மேல் விழுகிறது. பட்டினியால் சாகிறவனைக் கதையில் காய்ச்சலால் சாகடிப்பது எங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்கும் பழக்கமானதுதான்; வசதியான சாவு அது, யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

வியாபாரிகளுக்கும் இது வசதியாக இருக்கிறது. செடியின் கழுத்தில் ஒரு சீட்டுத் தொங்குகிறது: "மூன்றாம் மண்டலம்." அமெரிக்க விவசாய இலாகா 1960-இல் முதன்முதலாக வெளியிட்டு, 2023-இல் மறுபடி திருத்திய வரைபடத்தின் கணக்கு இது. மூன்றாம் மண்டலம் என்றால் பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிவரை தாங்கும் என்று பொருள். ஆனால் அந்தக் கணக்கு ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியை மட்டுமே பார்க்கிறது. காற்றைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. வெயிலைத் திருப்பி அடிக்கும் சுவரைப் பற்றியும், சாலையில் தூவும் உப்பைப் பற்றியும் கிடையாது. போதாக்குறைக்கு, தொட்டியில் வைத்தே விற்கிறார்கள். மரத்தின் தலை தாங்குகிற குளிரை அதன் வேர் தாங்காது; தரையில் மண் போர்வையாக இருக்கிறது, தொட்டியிலோ நாற்புறமும் குளிர். இதையும் சீட்டில் அச்சடித்தால் என்ன, மை தீர்ந்துவிடுமா?

"புதிதாக நட்ட செடிக்கு முதல் வருஷம் பாதுகாப்பு வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும், மறுக்கவில்லை. காற்று வருகிற பக்கத்தில் கழிகளை நட்டு, செடியைத் தொடாமல், அதே சாக்கைத் திரையாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக்கைச் சுற்றுகிறவர்களிடம்தான் பேச்சே இல்லை. பகல் வெயிலில் உள்ளே வெந்து, இரவில் உறைகிறது அந்த ஜீவன். ஆனால் ஒரு செடிக்கு முதல் வருஷம் மட்டுமல்ல, வருஷந்தோறும் திரை வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடம் அதற்கான இடமல்ல. காற்று மோதுகிற மூலைக்கு ஆல்ப்ஸ் மலைச்சரிவில் காற்றோடு மல்லுக்கட்டியே வளர்ந்த முகோ பைன் இருக்கிறது, தரையோடு படரும் ஜூனிப்பர் இருக்கிறது. அவை கூம்பு வடிவத்தில் ஒரே அச்சாக நிற்காது, வாசலுக்கு ஜோடி சேராது என்பதுதான் ஆட்சேபம். வாசலுக்குத் துவாரபாலகர்கள் தேவையானால் கல்லில் செய்து வைத்துக்கொள்ளலாமே!

வளர்க்கிறவர் செய்ய வேண்டியதெல்லாம் குளிர் வருமுன்பே முடிந்துவிட வேண்டும். செப்டம்பரில் நட்டால் வேர் ஊன்ற அவகாசம் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் மழை குறைந்தால் மண் உறையும்வரை நன்றாக நனைய நனையத் தண்ணீர் விட வேண்டும். பெரும்பாலோர் அக்டோபரிலேயே ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஏப்ரலில் ஒப்பாரி வைக்கிறார்கள். வேரின்மேல் மூன்று அங்குலத்துக்கு மரச்செதில்களைப் பரப்பலாம், தண்டைத் தொடாமல்.

தம்பி இரண்டையும் பிடுங்கி எறியக் கோடரியோடு நின்றான். மே மாதக் கடைசிவரை தொடாதே என்றேன். இலை கருகினாலும் மொட்டு பிழைத்திருக்கலாம். கிளையை நகத்தால் லேசாகக் கீறினால், உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரியும். ஒன்று பிழைத்தது. அதைத் தொட்டியிலிருந்து எடுத்து வீட்டின் கிழக்குப் பக்கம் தரையில் நட்டிருக்கிறான்.