போட்டியை நடத்தியவர்களே விசாரணையையும் நடத்துவதா?

தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார் பந்தயத் திடலில் 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு உயிர்கள் பறிபோனமை பற்றி ஆராய, மேஜர் ஜெனரல் ஒருவரின் தலைமையில் எழுவர் கொண்ட குழுவை இராணுவம் நியமித்தது. இலங்கை ஓட்டோமொபைல் ஸ்போர்ட்ஸ் அமைப்புடன் சேர்ந்து அந்தப் பந்தயத்தை நடத்தியது இராணுவம். பந்தயம் ஓடிய நிலமும் அதன் பொறுப்பில் உள்ள நிலம். என்ன பிழை நடந்தது, அதற்கு யார் பொறுப்பு என்று கண்டறியும் பணியை எடுத்துக்கொண்டதும் இராணுவம். இந்த முடிவை எடுத்தவர்களுக்கு இதில் ஒரு முரணும் தென்படவில்லை.

பொக்ஸ் ஹில் ஊவா மாகாணத்துக்குப் புதிய இடமல்ல. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ‘பொக்ஸ்’ (நரி) என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் மலைச்சரிவில் பதித்த நரி உருவத்தால் அந்தக் குன்றுக்குப் பெயர் வந்தது. போயர் யுத்தக் கைதிகளின் முகாம் தொட்டு இன்றைய இராணுவக் கல்வியகம் வரை, தியத்தலாவையின் வரலாறே சீருடையோடு பின்னிப் போனது. ஆனால் பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கத்து இளைஞர்களுக்கு அந்தக் குன்று என்றால் ஏப்ரல் மாதத்துப் பந்தயம்தான். தோட்டங்களில் ஞாயிறு வேலை இல்லாத நாள். புத்தாண்டு கழிந்த கையோடு வாடகை வேனிலும் ஓட்டோவிலும் குடும்பமாகப் போய், புழுதியைச் சுவாசித்துக்கொண்டு கார் பார்ப்பது இந்த மலைநாட்டின் மலிவான கொண்டாட்டங்களில் ஒன்று. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த போட்டி என்பதால் அம்முறை கூட்டம் பல்லாயிரத்தைத் தாண்டும் என்பது யாருக்கும் தெரிந்திருந்த விடயம். ஏற்பாட்டாளர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

நடந்தது என்ன என்பதைக் கைத்தொலைபேசிக் காணொளிகளில் நாடே பார்த்துவிட்டது. ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு கார் புரண்டு கிடக்கிறது. வேகத்தைக் குறைக்கும்படி உதவியாளர்கள் மஞ்சள் சமிக்ஞை காட்டுகிறார்கள். கார்கள் தொடர்ந்து வருகின்றன. சிவப்பு நிறக் கார் ஒன்று பாதையை விட்டு விலகி, நின்றுகொண்டிருந்தவர்கள் மீது பாய்கிறது. இறந்த எழுவரில் நால்வர் ஓடுபாதைக் கடமையில் இருந்தவர்கள். காயமடைந்தோர் தொகை இருபதுக்கு மேல்.

இந்த ஒழுங்கில் விசாரணைக்கு உரிய இடம் எது? கார் பாதையை விட்டு விலகிய கணம்தான் எல்லோருடைய கண்ணிலும் நிற்கிறது. ஆனால் கேள்வி அதற்கு முந்தியது. மோட்டார் பந்தயத்தில் மஞ்சள் கொடிக்குப் பொருள், முன்னே ஆபத்து இருக்கிறது, வேகத்தைக் குறை, முந்தாதே என்பது. சிவப்புக் கொடிக்குப் பொருள், பந்தயம் நிறுத்தப்பட்டது என்பது. மஞ்சள் காட்டினால் சாரதியின் கட்டுப்பாட்டை நம்பிப் பந்தயம் தொடர்கிறது. சிவப்பு காட்டினால் யாரையும் நம்ப வேண்டிய தேவை இல்லை. வளைவோரத்தில் நின்று கொடி அசைப்பவர் தன் விருப்பப்படி சிவப்புக்கு மாற முடியாது. அந்த முடிவு பந்தயத்தைக் கட்டுப்படுத்தும் மேசையில் இருந்து வர வேண்டும்.

மண் பாதையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. தார்ப்பாதையில் முன்னே செல்லும் கார் பின்னே வருபவரின் பார்வையை மறைப்பது குறைவு. ஏப்ரல் வெயிலில் காய்ந்த செம்மண் பாதையிலோ முதல் கார் கிளப்பிய புழுதிக்குள்தான் இரண்டாவது கார் நுழைகிறது, அந்த இரண்டின் புழுதிக்குள் மூன்றாவது. பவுசரில் தண்ணீர் தெளித்தாலும் அந்த ஈரம் அதிக நேரம் தாங்காது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றரைக் கடந்துவிடும். புழுதிக்குள் மஞ்சள் நிறம் கண்ணில் பட்டு, மூளை அதை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் பேருந்துகள் பல வரிசையாக நிற்கக்கூடிய தூரம் போய்விடும். அத்தகைய பாதையில் கவிழ்ந்த கார் ஓரத்தில் கிடக்க, அருகே மக்கள் நிற்க, மஞ்சளே போதும் என்று தீர்மானித்தது யார்? தீர்மானம் என்று ஒன்று எடுக்கப்பட்டதா, இல்லை மேசையில் இருந்தவர்களுக்கு வளைவில் நடப்பது தெரியவே இல்லையா?

அடுத்தது மக்கள் நின்ற இடம். வேகமாக வரும் வாகனம் தடம் மாறும் பக்கத்தில் பார்வையாளர் நிற்கக்கூடாது, நின்றே ஆக வேண்டுமானால் உயரத்தில், தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள பந்தயத் திடல்களின் பாலபாடம். பொக்ஸ் ஹில்லில் அந்த வளைவுக்கு எந்தத் தடுப்பு போடப்பட்டது, அதன் பலம் எவ்வளவு, கூட்டம் பெருகியபோது அதைப் பின்தள்ளும் பொறுப்பு யாரிடம் இருந்தது? திடலின் வரைபடத்தை வரைந்தவர்களும் அதற்கு அனுமதி கொடுத்தவர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கேட்க நியமிக்கப்பட்ட குழுவோ அவர்களுடைய நிறுவனத்துக்குள் இருந்தே வந்தது.

இதற்கிடையே பொலிஸார் சாரதிகள் இருவரைக் கைது செய்துவிட்டனர். சாரதிகள் மீது சட்டம் பாய்வதில் தவறில்லை; மஞ்சள் சமிக்ஞையை மதிக்காமல் வேகமெடுத்திருந்தால் அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வேலைப் பங்கீட்டைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் பொலிஸுக்கும் நீதவானுக்கும் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. திடலை அமைத்தவர்களும் கூட்டத்தை நிறுத்தியவர்களும் கொடியின் நிறத்தைத் தீர்மானித்தவர்களும் தங்கள் சொந்த அலுவலகத்தில் சக அதிகாரிகளுக்கு முன்னால் அமர்ந்து விளக்கம் தந்தால் போதும் என்றாயிற்று.

பிரான்ஸின் லு மான் பந்தயத்தில் 1955 ஜூன் 11ஆம் திகதி பியர் லெவே ஓட்டிய மெர்சிடிஸ் கார் கூட்டத்துக்குள் சிதறி, அவரோடு 80க்கு மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தனர். அப்போதும் எந்தச் சாரதி மீது பழி போடுவது என்பதில்தான் ஊரெல்லாம் சண்டை. அரசு நடத்திய விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளியாக்கவில்லை. கார்களின் வேகம் வளர்ந்த அளவுக்குப் பாதை வளரவில்லை என்பதே அதன் முடிவாக இருந்தது. பார்வையாளர் மேடை இடித்துக் கட்டப்பட்டது, பாதை அகலமாக்கப்பட்டது. பந்தயத்தை நடத்திய கழகமே விசாரித்திருந்தால் தன் பாதை குறுகலானது என்று அது எழுதியிருக்குமா என்பது சந்தேகமே.

விளையாட்டு உலகின் வேறு பெரும் இழப்புகள் வானத்தில் நேர்ந்தவை. 1993 ஏப்ரல் 27ஆம் திகதி கபோன் கடலில் விழுந்த விமானத்தில் 18 வீரர்கள் உட்பட 30 பேருடன் சாம்பியாவின் தேசிய உதைபந்தாட்ட அணி அழிந்தது. அது இராணுவ விமானம். விசாரணையின் முடிவை அறிய அந்தக் குடும்பங்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் காத்திருந்தன. மாறாக, 2016 நவம்பர் 28ஆம் திகதி கொலம்பியாவின் மெடலின் நகருக்கு அருகே பிரேசிலின் சாப்பகோயென்சே அணியை ஏற்றிச் சென்ற விமானம் விழுந்து 71 பேர் இறந்தபோது, எரிபொருள் தீர்ந்துபோனதே காரணம் என்ற முதற்கட்ட அறிக்கை ஒரு மாதத்துக்குள் பகிரங்கமாக வெளிவந்தது. சிவில் விமான விபத்துகளில் சர்வதேச விதியே அப்படித்தான்: விசாரிப்பவர் விமானத்தை இயக்கிய நிறுவனமாக இருக்க முடியாது, 30 நாட்களில் முதற்கட்ட அறிக்கை வர வேண்டும். ஆயிரம் பேர் நிற்கும் வளைவில் ஓடும் காருக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது என்று எவர் முடிவு செய்தார்?

குழு நியமித்தாயிற்று என்ற அறிவிப்பு ஊவாவில் நம்பிக்கையைத் தராததற்குக் காரணம் உண்டு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மாற்றுக் காணி கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. புதைந்த பிறகு, சொல்லியும் போகவில்லை என்ற பழி லயத்து மக்கள் மீதே விழுந்தது. முதலில் நூற்றுக்கணக்கில் பேசப்பட்ட இறப்பு எண்ணிக்கை பின்னர் நாற்பதுக்கும் கீழே இறங்கியது. பிழைத்தவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் மாதக் கணக்காக முடங்கிக் கிடந்தனர். இரண்டு எச்சரிக்கைகளும் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தன என்பதற்கு இன்றுவரை ஓர் அதிகாரியும் பதில் சொன்னதில்லை.

2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து 14 பேரின் உயிரைக் குடித்தது. மேலிருந்து உருண்டு வந்த பெரும்பாறை ஒன்று பாதையின் பாதியை அடைத்துக் கிடந்தது. அதன் ஓரமாகத்தான் வாகனங்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போக வேண்டியிருந்தது. அங்கும் கைதானது எதிரே வந்த டிப்பர் வண்டியின் சாரதி. பாறையை அங்கே கிடக்கவிட்டவர்களின் பெயர் எந்த முறைப்பாட்டுப் புத்தகத்திலும் ஏறவில்லை.

அமைச்சுகளும் திணைக்களங்களும் ஆட்சிகளும் மாறலாம், நடைமுறை மாறவில்லை. முதல் நாள் அனுதாபம், இரண்டாம் நாள் குழு, மூன்றாம் நாள் ஒரு சாரதியின் கைது. அதன் பிறகு செய்தி பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது. குழுக்களுக்கு ஆயுட்காலம் இருக்கிறது, அறிக்கைகளுக்கு அலுமாரி இருக்கிறது. பொக்ஸ் ஹில் குழுவின் அறிக்கை பகிரங்கப்படுத்தப்படும் என்ற உறுதியைக்கூட எவரும் மக்கள் நம்பும்படி தரவில்லை. கேட்டால் ‘தேசிய பாதுகாப்பு’ என்ற பூட்டைப் போடவும் கூடும். கார் பந்தயத்தில் என்ன இராணுவ இரகசியம் இருக்கிறது? கொடியின் நிறமா, தடுப்பின் உயரமா?

விளையாட்டு வட்டாரத்தின் துயரம் உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. வெற்றிக்கிண்ணமோ கைதட்டலோ எதிர்பாராமல் ஓடுபாதை ஓரத்தில் கொடியோடு நிற்பவர்கள்தான் மோட்டார் பந்தயத்தின் முதுகெலும்பு. அவர்களில் நால்வர் கடமையின்போதே போய்விட்டார்கள். அவர்களுடைய சகாக்களுக்குத்தான் அந்த வளைவில் நடந்தது நன்றாகத் தெரியும். ஆனால் தங்களைக் கடமையில் நிறுத்திய அதிகாரிகளின் சகாக்கள் கேள்வி கேட்கும் அறையில் அவர்கள் எந்த அளவுக்கு வாய் திறப்பார்கள்? பெண்பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாரை அந்த அறைக்குள் யார் அழைப்பார்கள்?

எழுவர் குழு தன் உள்ளகப் பணியைச் செய்துகொண்டு போகட்டும். அதற்கு வெளியே, நடத்தியவர்களோடு தொடர்பில்லாத, பந்தயப் பாதுகாப்பு அறிந்தவர்களைக் கொண்ட சுயாதீன விசாரணை ஒன்று வேண்டும். அது நீதித்துறையின் கீழா, வேறு பொறிமுறையின் கீழா என்பதை உரியவர்கள் தீர்மானிக்கலாம். சாட்சிகள் அச்சமின்றிப் பேச வழி இருக்க வேண்டும். அதன் முடிவு வரும்வரை பொக்ஸ் ஹில்லில் மட்டுமல்ல, இதே போன்ற மண் திடல் எதிலும் கூட்டத்தை அருகே நிறுத்திப் பந்தயம் விடுவதற்கு அனுமதி கிடைக்கக்கூடாது. அறிக்கை வெளிவரும் நாளில் அது கொழும்பில் ஊடகச் சந்திப்போடு நின்றுவிடாமல், சிங்களத்தைப் போலவே தமிழிலும் முழுமையாக அச்சாகிப் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் வந்து சேர வேண்டும்.