வேலியில்லா ஊற்று



அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்னும் நகரம் உண்டு. அங்கே பூமியின் ஆழத்தில், சுண்ணாம்பு கலந்த பாறைகளில் தேங்கும் நீர், பலவகை உப்புகளையும் கரியமில வாயுவையும் சுமந்துகொண்டு பாறைப் பிளவுகளின் வழியே பொங்கி வருகிறது. அது வெந்நீரன்று, குளிர்ந்த, நுரைக்கும் நீர். ஒவ்வோர் ஊற்றுக்கும் ஒவ்வொரு சுவை. மோஹாக் பழங்குடியினர் அறிந்திருந்த இவ்வூற்றுகளை நாடி, 19ஆம் நூற்றாண்டில் நோயாளிகளும் செல்வந்தரும் திரளாய் வந்தார்கள்.

பின்பு பேராசை நுழைந்தது. சோடா பானங்களுக்கு வாயு தேவைப்பட்டது. நிறுவனங்கள் ஆழமாய்த் துளையிட்டு, பம்புகளால் நீரை உறிஞ்சின. வாயுவை விற்றன, நீரையோ வீணாய் ஓடவிட்டன. "எங்கள் நிலம், எங்கள் நீர்" என்பதே அவர்களுடைய வாதம். ஆனால் நிலத்தின் மேல் வேலி இடலாம். நிலத்தடி நீருக்கு யார் வேலி இடக்கூடும்? ஒருவர் உறிஞ்ச, அயலாரின் ஊற்று தாழ்ந்தது. புகழ்பெற்ற ஊற்றுகள் பல வற்றத் தொடங்கின.

1908இல் மாநிலச் சட்டமன்றம் இத்தகைய உறிஞ்சலைத் தடைசெய்தது. 1909இல் ஊற்றுகளையும் நிலங்களையும் அரசே வாங்கிப் பாதுகாக்க வழி பிறந்தது. நிறுவனத்தார் வழக்காடினார்கள். 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தையே நிலைநிறுத்தியது. பம்புகள் ஓய்ந்தன, ஊற்றுகள் மெல்ல மெல்லப் பெருகின. 1935இல் அங்கே பெரிய நீராடும் மாளிகைகள் திறக்கப்பட்டன. இன்று அவ்விடம் 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பூங்கா. மரநிழலில் நடப்போர் ஊற்றண்டை நின்று, கையில் ஏந்திப் பருகுகிறார்கள். ஓடைநடுவே ஓர் ஊற்று பீறிட்டெழுந்து, தான் சுமந்துவந்த தாதுக்களாலேயே தன்னைச் சுற்றிப் பாறைமேடு கட்டிக்கொண்டிருக்கிறது.

கவனியுங்கள்! அந்த ஊற்றுகளைப் பிழைக்கவைத்தது புதிய இயந்திரமன்று; "போதும்" என்ற கட்டளையே.

துரவுகளுக்காகக் கேராரூர் மேய்ப்பர் ஈசாக்கின் மேய்ப்பரோடு வாக்குவாதம் பண்ணியதை அறிவீர்கள். அவ்வழக்கு இன்னும் ஓயவில்லை. பிழைப்புக்காக நாம் குடியேறியிருக்கும் நகரங்களில், அடுத்த வீட்டாரைவிட ஆழமாய் ஆழ்துளைக் கிணறு இறக்குவதைச் சாமர்த்தியம் என்கிறோம். நம் தொட்டி நிரம்பி வழிகையில், மதிலுக்கு அப்பால் ஒரு தாய் காலிக் குடத்தோடு லாரிக்காகக் காத்திருக்கிறாள்.

இருவரும் பருகுவது ஒரே ஊற்றின் நீர் அல்லவா? இன்றே உங்கள் வீட்டுக் குழாயண்டை நின்று சிந்தியுங்கள்.