கொடும்பாளூர் வம்சத்துல பொம்பளைங்க எங்கே?

பொன்னமராவதி பக்கம் இப்பல்லாம் டீக்கடைக்கு ஒரு ராஜ வம்சம் இருக்கு மக்களே. 2022-ல பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு இது ரொம்பவே ஜாஸ்தி. எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குழுவுலயும் ஒரு வம்ச விருட்சம் வந்து விழுந்துச்சு. உச்சாணிக் கொம்புல கொடும்பாளூர் பூதி விக்கிரமகேசரி. பதினோரு தலைமுறை தாண்டி, அடியில எங்க பெரியப்பா. தலைமுறைக்கு முப்பது வருஷம்னு வச்சாலும் 330 வருஷம்தான் வருது. பூதியோ ஆயிரம் வருஷத்துக்கும் முந்தினவர். மிச்ச எழுநூறு வருஷம் எங்கேன்னு கேட்டேன். குழுவுல கப்சிப் :-)

கணக்கு உதைக்கிறது கூடப் பரவாயில்லை. அந்தப் படத்துல ஒரு பெண் பேர் கூட இல்லை. எங்க அப்பத்தா பேரும் இல்லை. எனக்கு உறுத்தினது அதுதான். ராஜ வம்சமோ நம்ம வம்சமோ, பெண்களை விட்டுட்டு எழுதினா அது வரலாறா நிக்காதுங்கிறது என் கட்சி. சாட்சிக்கு அந்தப் பூதியையே கூப்பிடறேன்.

பொன்னமராவதிக்கு வடக்கே, விராலிமலை பக்கம் இருக்கு கொடும்பாளூர். அங்கே பூதி கட்டினது மூவர் கோயில். தன் பேர்ல ஒண்ணு, மனைவிகள் கற்றளி, வரகுணா பேர்ல ஆளுக்கு ஒண்ணுன்னு மொத்தம் மூணு விமானம். ரெண்டு இன்னிக்கும் நிக்குது. மூணாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். நடு விமானத்துச் சுவர்ல கிரந்த எழுத்துல ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கு. இருக்குவேள் வம்சத்தோட தலைமுறைப் பட்டியல் அதுதான். முதல் பேர் சிதைஞ்சு போச்சு. அப்புறம் வீரதுங்கன், நிருபகேசரி, பரதுர்க்கமர்த்தனன், சமராபிராமன்னு வந்து பூதியில முடியுது.

சிக்கல் என்னன்னா, அதுல வருஷமும் கிடையாது, எந்தச் சோழன் காலம்னும் கிடையாது. வெறும் வீரப் பிரதாபங்கள்தான். பூதியோட தாத்தா பரதுர்க்கமர்த்தனன் 'வாதாபியை வென்றவன்'. நமக்குத் தெரிஞ்ச வாதாபிப் போர் பல்லவன் நரசிம்மவர்மன் நடத்தினது, 642 வாக்குல. பேரன் பூதியோ வீரபாண்டியனை ஜெயிச்சவராம். அதை வச்சு நீலகண்ட சாஸ்திரி பூதியைப் பத்தாம் நூற்றாண்டுல, சுந்தர சோழர் காலத்துல வச்சார். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவுல முந்நூறு வருஷமா! இன்னொரு கட்சி, பூதி ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர்னு சொல்லுது. அப்பவும் இருநூறு வருஷம் இடிக்குது. ஒண்ணு, நடுவுல ஆட்கள் விட்டுப் போயிருக்கணும். இல்லேன்னா அது வேற வாதாபிச் சண்டையா இருக்கணும். அதுவும் இல்லேன்னா சும்மா பட்டப் பேரு.

டேட்டாபேஸ்ல ஆணி புடுங்குறவங்களுக்கு இது சட்டுனு புரியும். பிரதாபமெல்லாம் கமெண்ட் மாதிரி, யார் வேணா என்ன வேணா எழுதிக்கலாம். ஒரு டேபிளை இன்னொரு டேபிளோட ஜாயின் பண்ண ஒரு கீ வேணும். ராஜ வம்சங்கள்ல அந்தக் கீ பெரும்பாலும் கல்யாணம்தான். இதே கல்வெட்டு, சமராபிராமன் கட்டினது அனுபமாங்கிற சோழன் மகளைன்னு சொல்லுது. கொடும்பாளூரைச் சோழ வம்சத்தோட கோக்குற கண்ணி அந்த அம்மாதான்.

இன்னொருத்தர் பூதி ஆதிச்ச பிடாரி. தென்னவன் இளங்கோவேளோட மகள், முதல் பராந்தக சோழன் மகன் அரிகுலகேசரியோட மனைவி. திருச்சி பக்கம் திருச்செந்துறையில கற்கோயில் எடுத்தவர். அங்கே இருக்குற கல்வெட்டுகள்ல சோழ மன்னனோட ஆட்சியாண்டு இருக்கு. இந்தத் தென்னவன் இளங்கோவேள்தான் நம்ம பூதியாங்கிறதுல சண்டை இன்னும் ஓயலை. ஆனா அந்தச் சண்டைக்கு ஒரு தரை கிடைச்சதே இந்தப் பொண்ணாலதான்.

நம்ம ஊர்ல மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க. பிரிட்டன்ல வேல்ஸ் அரசர்களோட வம்சாவளி, 1100 வாக்குல படியெடுத்த ஹார்லியன் 3859-ங்கிற ஏட்டுல இருக்கு. 988-ல இறந்த ஒவைன்ல ஆரம்பிச்சு 'மாப், மாப்'னு, அதாவது இன்னாரோட மகன், இன்னாரோட மகன்னு பின்னாடி போகும். மெர்வின் வரைக்கும் வந்ததும் அப்பா பேருக்குப் பதிலா எஸில்ட், 'மெர்க்' கினான்னு வருது. மெர்க்னா மகள். குவினெத் அரசுக்கு மெர்வினுக்குப் பாத்தியதை வந்த வழி அதுதான். அந்த ஒரு பேரை எடுத்துட்டா மேல இருக்குற சங்கிலி அறுந்து போகும்.

பூதியே பொண்டாட்டிங்க பேரைக் கல்லுல வெட்டி வச்சாரு. அவர் வாரிசுன்னு மார் தட்டுறவங்க வீட்டுப் பொம்பளைங்க பேரைப் பேப்பர்ல கூட எழுத மாட்டேங்குறாங்க. நம்ம ஊர்ல ஆம்பளை பேரு பங்காளி வாயிலயும் பத்திரத்துலயும் கொஞ்ச காலம் தாங்கும். அப்பத்தாவோட பொறந்த ஊரு, அவங்க ஆத்தா பேரு எல்லாம் அவங்களோடயே போயிடும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப ராஜாவைத் தேட வேணாம். வீட்டுல இருக்குற கிழவி பக்கத்துல உக்காந்து இது ரெண்டையும் கேட்டு எழுதிக்கிட்டு வாங்க.

சரி, உங்க அப்பத்தாவைப் பெத்தவங்க பேரு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கூகிள் பண்ணாம பின்னூட்டத்துல சொல்லுங்க பாப்போம் :-)